டிரம்ஸ் மாறியதா, சொல் மாறியதா? ரஷ் குழுவின் இரண்டாவது ஆல்பம்

கேட்டிருப்பது இது: "கனடாவின் ரஷ் குழுவின் முதல் ஆல்பத்தையும் இரண்டாவதான 'ஃப்ளை பை நைட்'டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஓராண்டு இடைவெளியில் ஒரே குழு செய்தவை என்று நம்ப முடியவில்லை. இடையில் டிரம்மர் மாறினார் என்கிறார்கள். ஒரு டிரம்மர் மாறினால் இவ்வளவு மாறுமா? இப்போது மறுபடியும் புதிய டிரம்மரோடு வருகிறார்களே, அப்படி ஏதாவது நடக்குமா?"

மாறும். ஆனால் டிரம்ஸால் மட்டுமல்ல. அப்போது புதிதாக வந்த டிரம்மர் நீல் பியர்ட். அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அவர் கைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கும் அந்தக் கைகள் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு ஆல்பத்தைப் பொறுத்தவரை அவர் குச்சிகளைவிடப் பேனாவால்தான் அதிகம் மாற்றினார் என்பது என் கட்சி. அதற்கான சான்று அந்த ஆல்பத்திற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும்.

பாடி, பேஸ் கிட்டாரும் வாசிக்கும் கெடி லீயும் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும் டொரொன்டோவின் புறநகரான வில்லோடேலில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். லீ போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பெற்றோர் இருவரும் நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். லைஃப்சனின் பெற்றோர் செர்பியர்கள். 1968-ல் தொடங்கிய குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. ஆறு ஆண்டுகள் பள்ளி விழாக்கள், பார்கள் என்று அலைந்தபின், எந்த நிறுவனமும் சீந்தாததால் மேலாளர்களின் சொந்தச் சிறு நிறுவனமான மூன் ரெக்கார்ட்ஸ் பெயரில் 1974-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஸ்டூடியோ வாடகை மலிவாகக் கிடைக்கும் இரவு நேரங்களில் பதிவு செய்தது. ஒலி சரியாக வராமல், பிறகு டெர்ரி பிரவுன் என்ற ஆங்கிலேயரிடம் போய்ச் சரிசெய்துகொண்டார்கள். இந்தப் பிரவுனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்பத்தின் ஒரு பிரதி அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் வானொலி நிலையம் ஒன்றில் பணியாற்றிய டோனா ஹால்பரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் 'வொர்க்கிங் மேன்' என்ற ஏழு நிமிடப் பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பினார். காலையில் எழுந்து வேலைக்குப் போய், மாலையில் திரும்பி ஒரு பீர் குடிப்பதைத் தவிர வாழ்க்கையில் ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொள்ளும் பாட்டு. கிளீவ்லாண்ட் ஆலைத் தொழிலாளர்களின் ஊர். தொலைபேசி ஓயவில்லை. பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழுவான லெட் செப்பலினின் புதிய ஆல்பமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் தப்பே இல்லை: உச்சக் குரல், கனமான கிட்டார், நேரான தாளம் என்று எல்லாமே அந்த அச்சுதான். இந்த வரவேற்பைப் பார்த்து மெர்க்குரி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் உறுதியானது.

சரியாக அந்த நேரத்தில் ரட்ஸி வெளியேறினார். அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. மாதக்கணக்கில் சாலையில் கழிக்கும் வாழ்க்கை உடம்புக்கு ஒத்துவராது. இது பாதிக் காரணம். மறுபாதி, ரசனை. ரட்ஸிக்குப் பிடித்தது ஃப்ரீ, பேட் கம்பெனி போன்ற குழுக்களின் எளிமையான, இடைவெளி விட்ட வாசிப்பு. லீயும் லைஃப்சனுமோ நீண்ட, சிக்கலான பாட்டுகள் செய்த யெஸ், ஜெனசிஸ் குழுக்களின் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்கள். ஆக, புதியவர் வந்து இவர்களை மாற்றினார் என்பதைவிட, மாற நினைத்த இருவருக்குத் தோதான ஒருவர் வந்தார் என்பதே சரி. 1974 ஜூலை 25-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் ரட்ஸி கடைசியாக வாசித்தார். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி ஆகஸ்ட் 14-ல். இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

பியர்ட் அப்போது செயின்ட் கேதரின்ஸ் என்ற ஊரில், விவசாயக் கருவிகள் விற்கும் அப்பாவின் கடையில் உதிரிபாகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதில் பெரிய டிரம்மராகும் கனவோடு இங்கிலாந்துக்குப் போய், அங்கே நினைவுப்பொருள் கடையில் வேலை பார்த்து, கனவு கலைந்து ஊர் திரும்பியவர். தேர்வுக்கு அவர் வந்து இறங்கிய காட்சியை லீயும் லைஃப்சனும் பேட்டிக்குப் பேட்டி சொல்லிச் சிரிப்பார்கள்: ஒட்ட வெட்டிய முடி, நெடுநெடு உயரம், சின்னக் காருக்குள் திணித்துக் கொண்டுவந்த டிரம்ஸ். தலைமுடியை வளர்த்துத் தொங்கவிட்டிருந்த இருவருக்கும் ஆளைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை. வாசிக்கத் தொடங்கியதும், அதுவும் மும்மூன்றாக உருளும் அந்த அடிகளைக் கேட்டதும், லீ மனத்தில் முடிவு செய்துவிட்டார். நம் பக்கத்தில் திஸ்ர நடை என்று சொல்வோமே, அதை இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். லைஃப்சன் கொஞ்சம் தயங்கினார். 1974 ஜூலை 29-ல் பியர்ட் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தார். அன்று லீக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள்.

மெர்க்குரி கொடுத்த முன்பணத்தில் டொரொன்டோ இசைக்கருவிக் கடை ஒன்றில் பளபளக்கும் குரோம் பூச்சுள்ள ஸ்லிங்கர்லாந்து டிரம்ஸ் வாங்கினார் பியர்ட். இரண்டே வாரம் ஒத்திகை. பிட்ஸ்பர்க்கில் யூரியா ஹீப், மான்ஃபிரட் மான் குழுக்களுக்கு முன்னோட்டமாக, சுமார் 11,000 பேர் முன்னால் முதல் நிகழ்ச்சி. உதிரிபாகக் கடையிலிருந்து அங்கே நேராக.

இனி, சொல் விஷயம். முதல் ஆல்பத்திற்கு வரிகள் எழுதும் பொறுப்பு ரட்ஸியுடையதாக இருந்தது. அவர் எழுதியதைப் பதிவு நேரத்தில் தர மறுத்துவிட்டதால், பாட வேண்டிய லீயே அவசர அவசரமாக எழுதிச் சமாளித்தார். பாட்டு பெண்ணைப் பற்றியோ கொண்டாட்டத்தைப் பற்றியோ இருக்கும். வரி என்பது குரலுக்குச் சாக்கு, அவ்வளவுதான். 'வொர்க்கிங் மேன்' ஒன்றில்தான் சொல்லுக்குக் கனம் இருந்தது. அதுவே அவர்களைக் காப்பாற்றியது என்பது கவனிக்க வேண்டியது. லீக்கும் லைஃப்சனுக்கும் எழுத்தில் பெரிய ஆசை இல்லை. புதிதாக வந்தவரோ சுற்றுப்பயண வேனில் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தார். "நீதான் இவ்வளவு படிக்கிறாயே, எழுதேன்" என்ற தோரணையில் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. டிரம்மரைத் தேடியவர்களுக்குக் கவிஞர் இனாமாகக் கிடைத்தார்.

1975-ன் தொடக்கத்தில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், டொரொன்டோ சவுண்ட் ஸ்டூடியோவில் பத்து நாட்கள் அளவில் ஆல்பத்தை முடித்தார்கள். தயாரிப்பில் அதே டெர்ரி பிரவுன். 1982-ல் வந்த 'சிக்னல்ஸ்' வரை அவர் அவர்களோடு இருந்தார். பிப்ரவரி 15-ல் 'ஃப்ளை பை நைட்' வெளியானது. உறையில் வெறித்துப் பார்த்தபடி பாய்ந்து வரும் ஒரு பனி ஆந்தை.

எட்டுப் பாடல்கள். ஆறுக்கு வரிகள் பியர்ட். 'பெஸ்ட் ஐ கேன்', 'இன் தி எண்ட்' இரண்டுக்கும் லீ. இங்கேதான் நான் முதலில் சொன்ன சான்று இருக்கிறது. 'பெஸ்ட் ஐ கேன்' ரட்ஸி காலத்திலேயே மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பாட்டு. ஆல்பத்தில் அதற்கு டிரம்ஸ் வாசிப்பவர் பியர்ட். அடி ஒவ்வொன்றும் சுத்தம், ரட்ஸியைவிட இரண்டு மடங்கு சுறுசுறுப்பு. ஆனாலும் கேட்டுப் பாருங்கள், அது முதல் ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் போன பாட்டு போலவே ஒலிக்கிறது. மறுபக்கம், 'ரிவெண்டெல்' என்ற பாட்டில் டிரம்ஸே கிடையாது. லைஃப்சனின் நைலான் கம்பி கிட்டாரும் லீயின் அடங்கிய குரலும் மட்டும். பியர்ட் அதில் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. ஆனால் வரிகள் அவருடையவை: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதையுலகில் வரும் எல்ஃப்களின் பள்ளத்தாக்கைப் பற்றியவை. முதல் ஆல்பத்தில் இப்படி ஒரு பாட்டைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. புதிய டிரம்மர் வாசிக்கும் பாட்டு பழையதாகவும், வாசிக்காத பாட்டு புதியதாகவும் இருக்கிறதென்றால் மாற்றம் எங்கிருந்து வந்தது? (பாட்டாக 'ரிவெண்டெல்' எனக்குக் கொட்டாவி வரவழைக்கும் ஒன்று. சான்றாகத்தான் சொன்னேன், ரசிக்கச் சொல்லவில்லை.)

கைகளின் பங்கை மறுக்கவில்லை. முதல் பாடலான 'ஆந்தம்' தொடங்கும் கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு, ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபுவுக்குப் பழகிய காதுக்கு ஏழு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் 1975-ல் பார்களில் வாசித்து வளர்ந்த ஒரு வட அமெரிக்க ராக் குழு ஆல்பத்தையே அப்படித் திறப்பது துணிச்சல். அந்த ரிஃப்பின் கரு பியர்ட் வருவதற்கு முன்பே லீயிடமும் லைஃப்சனிடமும் இருந்தது. அவர்கள் கையில் எண்ணிக்கை தயாராக இருந்தது. அதை நடத்த ஆள் இல்லை. பியர்ட் அந்த ஏழைத் தடுக்கி விழாமல் நடத்துவதோடு நிற்காமல், கிட்டாரின் ஒவ்வொரு உச்சரிப்பையும் டிரம்ஸில் திருப்பிச் சொல்கிறார். பாடகருக்குப் பின்னால் நிற்கும் தாளமாக இல்லாமல், சக பேச்சாளராக.

'ஆந்தம்' என்ற தலைப்பு அமெரிக்க எழுத்தாளர் ஐன் ராண்டின் குறுநாவலிலிருந்து வந்தது. தனிமனிதன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை என்ற அவருடைய கருத்தை இருபத்திரண்டு வயது பியர்ட் அப்படியே விழுங்கியிருந்தார். இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது: எழுபதுகளின் இறுதியில் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை ஒன்று அவர்களைப் பாசிசச் சாயல் உள்ளவர்களாகச் சித்திரித்தது. வதை முகாமிலிருந்து தப்பியவர்களின் மகன் பாடும் குழுவைப் பார்த்து! லீக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் பியர்டே ராண்டிடமிருந்து விலகிவிட்டார். என் பார்வையில் அந்த வரிகள் முதிராத வரிகள்தான். ஆனாலும் ஒரு ராக் பாட்டு ஒரு கொள்கைக்காக வாதாடுவது இந்தக் குழுவுக்குப் புதிது. வாதம் சரியா தவறா என்பது வேறு.

'பினீத், பிட்வீன் அண்ட் பிஹைண்ட்' அவர் குழுவுக்காக முதலில் எழுதிய வரிகள் என்பார்கள். அமெரிக்கா எழுந்ததையும் சரிவதையும் மூன்று நிமிடத்திற்குள் அடைக்கப் பார்க்கும் பாட்டு. வெளிப்படையாகச் சொன்னால், நெரிசல் நேரத்துப் பஸ் மாதிரி இருக்கிறது. அசைகள் படிக்கட்டில் தொங்குகின்றன; லீ மூச்சு விட இடம் தேடுகிறார். எழுதியவர் பாடியதில்லை, பாடுபவர் எழுதவில்லை என்பது பளிச்சென்று தெரியும் இடம் இது. ஒருவர் வரியை இன்னொருவர் வாயில் போட்டுப் பார்த்து இழைக்கும் வேலையை அவர்கள் கற்றுக்கொள்ள இன்னும் சில ஆல்பங்கள் ஆயின.

அந்த நெரிசலே இல்லாதது தலைப்புப் பாடல். இங்கிலாந்துக்குக் கிளம்பிய பதினெட்டு வயதுப் பையனின் கதை. சொந்தக் கதை என்பதால் வார்த்தைகள் எளிமையாகிவிட்டன. லீயின் மெட்டும் அதற்கேற்ப எளிமை. நடுவில் ஒரு பகுதியில் குரல், சுழலும் ஒலிபெருக்கி வழியாக வருவதுபோல அலையடிக்கிறது; அந்தச் சில நொடிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். புராணக் கதைக்கும் தத்துவத்திற்கும் போகாமல் தன் அனுபவத்தை எழுதும்போது பியர்ட் எவ்வளவு நல்ல எழுத்தாளர் என்பது அவருடைய இந்த முதல் ஆல்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் அதை முழுதாக நம்ப எண்பதுகள் வர வேண்டியிருந்தது.

'பை-டோர் அண்ட் தி ஸ்னோ டாக்' வேடிக்கையான பிறப்புடையது. மேலாளர் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று வருபவரைக் கடிக்கும், மற்றொன்று சின்னஞ்சிறு வெள்ளை நாய். விளக்குகளைக் கவனித்துக்கொண்ட ஹோவர்ட் அங்கர்லைடர் அவற்றுக்கு வைத்த கேலிப் பெயரிலிருந்து பியர்ட் ஒரு காவியச் சண்டையையே உருவாக்கிவிட்டார். எட்டரை நிமிடம், அத்தியாயத் தலைப்புகளோடு. பாதாள உலகின் இளவரசன் பை-டோருக்கும் பனி நாய்க்கும் போர். போர் தொடங்கியதும் வார்த்தை நின்றுவிடுகிறது; லீயின் பேஸ் கிட்டார் உறுமுகிறது, லைஃப்சனின் கிட்டார் பாய்கிறது, சண்டை முழுவதும் வாத்தியங்களிலேயே நடக்கிறது. சிறுபிள்ளைத்தனமா? ஆமாம். ஆனால் நீண்ட இசைக்கு ஒரு கதை முதுகெலும்பு வேண்டும் என்பதை அவர்கள் கண்டுபிடித்தது இங்கேதான். 'வொர்க்கிங் மேன்' பாட்டிலும் நீண்ட வாத்தியப் பகுதி உண்டு. அது கிட்டார் வித்தை காட்டுவதற்கான இடம். இங்கே வாத்தியங்களுக்கு யார் வெல்ல வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்ற காரணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு '2112' என்ற ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் இருபது நிமிடக் கதையால் நிரப்பியதற்கு விதை இந்த நாய்ச் சண்டை. (அதற்கு நடுவில் வந்த 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பத்தில் பை-டோர் திரும்ப வருகிறான், இம்முறை நல்லவனாக. ஏன் என்று கேட்காதீர்கள்.)

'மேக்கிங் மெமரீஸ்' சாலைப் பயணப் பாட்டு, கேட்கலாம், கடந்துவிடலாம்.

வணிகரீதியாகப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கனடாவில் பட்டியலில் ஒன்பதாம் இடம், அமெரிக்காவில் 113. முதல் ஆல்பம் அங்கே 105-ஐத் தொட்டது என்பதால் ஒரு கணக்கில் இது சறுக்கல். நம்பிக்கையூட்டும் புதிய குழு என்று கனடாவின் இசை விருதான ஜூனோ கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' படுத்துவிட்டது. அந்தச் சுற்றுப்பயணத்திற்கு அவர்களே 'குழியில் விழுந்த பயணம்' என்ற பொருளில் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். நிறுவனம் பழைய மாதிரி நேரான ராக் பாட்டுகளைக் கேட்டு நெருக்கியபோது, எப்படியும் மூழ்கப் போகிறோம், விருப்பப்படி செய்துவிட்டு மூழ்குவோம் என்று 1976-ல் போட்டதுதான் '2112'. அதுதான் அவர்களைக் கரையேற்றியது.

டிரம்ஸ் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று கேட்க ஆசையா? அதற்கும் வழி இருக்கிறது. 1976 ஜூனில் டொரொன்டோவின் மாஸி ஹாலில் பதிவு செய்த 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' நேரடி ஆல்பத்தில், ரட்ஸி காலத்துப் பாட்டுகளான 'வொர்க்கிங் மேன்', 'ஃபைண்டிங் மை வே' இரண்டையும் பியர்டோடு வாசித்திருக்கிறார்கள். ஸ்டூடியோப் பதிவில் ரட்ஸி கிட்டாருக்குக் கீழே கற்பலகைபோல அசையாமல் கிடக்கிறார். மாஸி ஹாலில் பியர்ட் அந்தப் பலகையைப் பெயர்த்து எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு வரி முடிவிலும் உருட்டல், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புதிய அடி. அபாரமான வாசிப்பு. ஆனால் 'வொர்க்கிங் மேன்' எனக்கு ரட்ஸியின் கையில்தான் பிடிக்கிறது. அலுத்துப்போன மனிதனின் பாட்டுக்கு அந்த அலுத்த, மாறாத தாளம் பொருந்துகிறது. பியர்ட் வாசிக்கும்போது அந்தத் தொழிலாளிக்கு எங்கிருந்தோ இவ்வளவு உற்சாகம் வந்துவிடுகிறது. ரட்ஸியைப் பலர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அவர் இசையை விட்டுவிட்டு உடற்பயிற்சித் துறைப் பக்கம் போனார். 2008-ல், 55 வயதில் இறந்தார்.

உங்கள் இரண்டாவது கேள்வி. பியர்ட் 2020 ஜனவரி 7-ல் மூளைப் புற்றுநோயால் காலமானார். ரஷ் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். லீயும் லைஃப்சனும் அப்படித்தான் பேசினார்கள். 2025 அக்டோபரில், ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ் என்ற டிரம்மரோடு 2026-ல் சுற்றுப்பயணம் போவதாக அறிவித்தார்கள். இதை 1974-ன் மறுபதிப்பாகப் பார்க்க முடியாது. அன்று வந்தவருக்குக் காத்திருந்தவை இரண்டு காலி இடங்கள்: டிரம்ஸுக்குப் பின்னால் ஒன்று, காகிதத்துக்கு முன்னால் ஒன்று. இரண்டையும் அவர் தன் இஷ்டப்படி நிரப்பினார். நில்லஸுக்குக் காத்திருப்பவை நிரம்பிய பக்கங்கள். ரசிகர்கள் மேசையில் விரலால் தட்டிப் பழகிய ஒவ்வொரு உருட்டலும் அவர்களுக்கு மனப்பாடம். ஒன்றை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பியர்ட் ரட்ஸியின் அடிகளை அப்படியே வாசிக்க வேண்டும் என்று பிட்ஸ்பர்க்கில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த 11,000 பேரில் பெரும்பாலோருக்கு ரட்ஸி யாரென்றே தெரியாது. வேலை அந்த அளவுக்கு வேறு.

கேட்கும் வரிசை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 'வொர்க்கிங் மேன்' ஸ்டூடியோப் பதிவு. அடுத்து 'பெஸ்ட் ஐ கேன்', அடுத்து 'ஆந்தம்', அதன்பின் தலைப்புப் பாடல். பிறகு மாஸி ஹாலின் 'இன் தி எண்ட்'. ஸ்டூடியோவில் ஆல்பத்தின் கடைசியில் சோர்ந்து கிடக்கும் அந்தப் பாட்டு, லீயின் வரிகளோடே, மேடையில் எழுந்து நிற்கிறது. என் கட்சிக்கு எதிரான ஒரே சாட்சி அதுதான். மறைக்க மனமில்லை.